பானைக்குள் உறுமல்

1968 ஏப்ரல் 21, ஞாயிறு. விழுப்புரம்.

பூசை முடிந்து வந்த கையோடு ஒரு பொய் சொன்னேன். "இன்னாங்க, நம்ம ரேடியோ ஏன் பாட மாட்டேங்குது?" என்றாள் அந்தோணிமேரி. சென்னை ஸ்டேஷனில் கோளாறு என்றேன். "அப்ப பக்கத்து வூட்டு வெள்ளையம்மா ரேடியோ மட்டும் எப்டி பாடுது?"

ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் நாற்பத்தாறு வயது ஆள், கட்டின பெண்டாட்டியின் ரேடியோவிலிருந்தே இரண்டு டிரான்சிஸ்டரைத் திருடிவிட்டேன். கடைக்கு வந்த ரேடியோக்களில் கைவைக்க மனசாட்சி விடவில்லை. மேரியுடையது என்றதும் அது வெளியூர் போய்விட்டது.

எல்லாம் மச்சானுக்காக. மேரியின் தம்பி அமிர்தசாமி, திண்டிவனத்தில் சக்கரபாணியின் மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கிறான். பாண்டிச்சேரி ராயப்பனின் கிதார் புலி மாதிரி உறுமுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. சக்கரபாணி சொல்லிவிட்டாராம்: "உன்னுது இன்னாடா கோயில் மணியாட்டம் கிணுகிணுங்குது? மே பத்தொம்பது கல்யாணத்துல உறுமலைன்னா ராயப்பனையே வெச்சிக்கிறேன்."

ராயப்பனிடம் அதற்கென்று ஒரு பெட்டி இருக்கிறது, ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறான் — இதை மச்சானுக்குச் சொன்னது யார்? நான்தான். பார்த்தேனா? இல்லை.

ஏப்ரல் 27

போன வாரமே ரயில்வே கிளப்பில் கிடந்த வெள்ளைக்காரப் பத்திரிகையில் அந்த மாதிரிப் பெட்டியின் படம் கிடைத்திருந்தது! இரண்டே டிரான்சிஸ்டர், சில்லறைச் சாமான் கொஞ்சம். பார்த்துப் பார்த்து அப்படியே பற்றவைத்தேன், பிஸ்கட் டின்னுக்குள். விரலிலும் ஒரு சூடு.

மே 3

உறுமியது!! அமிர்தசாமி என்னைத் தூக்கிச் சுற்றினான். என் எடைக்கு அது சாதாரணப் பாசம் இல்லை.

மே 5

காலையில் புலி. மத்தியானம் வெயில் ஏறியதும் பூனை. அப்புறம் அதுவும் இல்லை. டிரான்சிஸ்டருக்குச் சூடு ஆகாதாம். விழுப்புரத்து மே மாதம் எனக்கே ஆகாதே, அது என்ன செய்யும்?

"வுடு மாமா. நான் பஸ் ஸ்டாண்டுல மல்லாட்டை வறுத்து வித்துப் பொழச்சிக்கிறேன்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கண் சிரிக்கவில்லை.

மே 11

என் திருட்டு மேரிக்கு முதல் நாளே தெரியுமாம். "உங்க பொட்டி என் ரேடியோவை முழுங்கிட்டு தாகத்துல கெடக்குது. ஈர மணல்ல வையுங்க, தண்ணிப் பானை வெக்கிற மாதிரி."

வைத்தேன். உச்சி வெயிலிலும் உறுமுகிறது. இவளை எனக்குக் கட்டி வைத்தவர்கள் நன்றாக இருக்கட்டும்.

மே 20

நேற்று திண்டிவனம் கல்யாணம். மேடையில் அமிர்தசாமி காலடியில் ஈர மணல் பானை. ரப்பர் துணியில் சுற்றிய பெட்டி அதற்குள். பெண்ணின் சித்தப்பா டம்ளரோடு வந்து, "தம்பி, ஒரு வாய் தண்ணி ஊத்துப்பா" என்று பானைப் பக்கம் குனிந்தார். அந்த நேரம் பார்த்தா இவன் கம்பியைச் சுண்ட வேண்டும்? டம்ளர் ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம்.

கச்சேரி முடிந்ததும் சக்கரபாணி அவன் தோளில் கை போட்டார். "டேய் அமிர்தம், நீ எங்கியும் போய்டாத. ராயப்பனாவது ஒண்ணாவது!"

பஸ்ஸில் வரும்போது நான் கொஞ்சம் அழுதேன். தூசு என்று மேரியிடம் சொன்னேன்.

ஜூன் 16

கண்டமங்கலம் வழியாக பஸ் பிடித்து ராயப்பனே கடைக்கு வந்துவிட்டார். தங்கமான மனுஷன்.

"அண்ணே, எனக்கும் அந்த மாதிரி ஒரு பெட்டி செஞ்சி குடுங்க."

"உங்க பெட்டிக்கு இன்னாச்சு?"

"எந்தப் பெட்டிண்ணே?"

அவரிடம் பெட்டியே கிடையாதாம். ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்திருந்ததாம், அதுதான் உறுமியதாம். ஏப்ரலில் புதுசு மாட்டினாராம், அதோடு உறுமல் நின்றுவிட்டதாம்.