ஐந்தாம் மாடிக் கூடை

முஹர்ரம் பெக், அலெக்ஸாந்திரியா
அக்டோபர் 4

அன்புத் தம்பி ரஃபத்துக்கு,

அக்கா அவாதிஃப் எழுதுவது. நீயும் ராந்தாவும் சுகமாக இருக்க இறைவன் அருளட்டும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போனை நீ எடுத்தால்தானே? உன் பெண்டாட்டி எடுத்து, "அவர் எழுதிட்டிருக்கார் மதினி" என்கிறாள். காகிதத்தில் எது இருந்தாலும் நீ படிக்காமல் விடமாட்டாய். சின்ன வயதில் வடை மடித்து வந்த செய்தித்தாளைக்கூட விட்டதில்லை.

'பன்னிரண்டு பூட்டுகள்' படித்தேன். பன்னிரண்டு பேர் எழுதிய பேய்க்கதைகளில் உன் 'கூடை'யைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். பெருமைதான், மறைக்க மாட்டேன். ஆனால் வேறு முகவரி கிடைக்கவில்லையா உனக்கு? அல்-ஃபக்கார் தெரு, பதினான்காம் எண், ஐந்தாம் மாடி, பச்சைச் சன்னல். செத்துப்போன ஒருத்தி மேலேயிருந்து வெறும் கூடையை இறக்குகிறாள். அதில் ஒன்றும் போடாமல் போகிறவனைக் கயிற்றோடு மேலே இழுத்துக்கொள்கிறாள்.

அந்தச் சன்னலுக்குப் பின்னால் நான் குடியிருக்கிறேன் ரஃபத். இங்கே லிப்ட் கிடையாது, அம்மா இறந்த வருஷமே என் முழங்காலும் போய்விட்டது. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாகத் தெருவில் கால் வைக்கவில்லை. ரொட்டி, தக்காளி, மாத்திரை எல்லாம் கூடையில்தான் வரவேண்டும். இப்போது நான் கூடையை இறக்கினால் கீழே கூச்சல். "உங்கள எனக்குத் தெரியாதாம்மா? ஆனா கூடைப் பக்கமே போகக்கூடாதுன்னு என் பொண்டாட்டி சத்தியம் வாங்கிட்டா" என்று மளிகைக்கடை ஷஹாத்தா கீழேயிருந்து கத்துகிறார். ரொட்டிக்குப் பதில் துண்டுச்சீட்டுகள் வருகின்றன. போன வாரம் தலையில்லாத பொம்மை வந்தது.

வீட்டை விற்கப் பார்ப்பது உனக்குத் தெரியும். என் மகள் நெர்மீன் தமன்ஹூரில் தன் வீட்டுக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில் இரண்டு அறை பார்த்து வைத்திருக்கிறாள். மார்ச்சில் அவளுக்குப் பிரசவம். இது விற்றால்தான் அங்கே போக முடியும். பார்க்க வந்த மூன்று பேரும் வாசல் எண்ணைக் கண்டதும் திரும்பிவிட்டார்கள். அடுத்த பதிப்பில் முகவரியை மாற்றச் சொல். ஒரு வரிதானே.

உன் அக்கா
அவாதிஃப்


ஷுப்ரா, கெய்ரோ
அக்டோபர் 17

என் உயிர் அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. போன் எடுக்காதது தப்புதான், நன்றாகத் திட்டிக்கொள். நாள் முழுக்க வாசகர்கள் அழைக்கிறார்கள்.

தொகுப்பாசிரியர் லமீஸ் மேடத்திடம் உன் விஷயத்தைச் சொன்னேன். "உஸ்தாத், அந்த முகவரிய எடுத்துட்டா கதையில மிச்சம் என்ன? போய்ப் பாக்க முடியற பேய்க்குத்தான் மவுசு" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மற்ற பதினொரு பேரும் பாழடைந்த மாளிகை, இடுகாடு என்று எழுதியிருக்கிறார்கள். என் பேய் மட்டும்தான் மளிகைக்கடைக்கு மேலே குடியிருக்கிறது. பதினாறு வருஷம் எழுதி, அக்கா, இப்போதுதான் ஒரு மேடையில் என் பெயரைத் தப்பில்லாமல் சொன்னார்கள்.

இருந்தாலும் மறுபடி பேசுகிறேன். ஜனங்கள் இரண்டு மாதத்தில் மறந்துவிடுவார்கள். இந்த வெள்ளிக்கிழமை வருகிறேன். முலூக்கியாக் கீரை சமைத்து வை.

உன் தம்பி
ரஃபத்


முஹர்ரம் பெக்
நவம்பர் 8

உஸ்தாத் ரஃபத் அவர்களுக்கு,

முலூக்கியாவை மூன்று வெள்ளிக்கிழமை சமைத்துவிட்டேன். மூன்று வாரமும் நானே சாப்பிட்டேன். கீரை கொண்டுவந்தது மூன்றாம் மாடி ஹிக்மத். அவளும் இப்போது வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடுகிறாள்.

சன்னலுக்கும் கட்டிலுக்கும் பதினோரு தப்படி. இதுதான் என் ஊர் இப்போது. சன்னல் பக்கம் போனால் கீழே செல்போன்கள் உயர்கின்றன. திரையை இழுத்து மூடினேன். கதையில் வருவதுபோலவே திரை மூடிக்கொண்டது என்று அதையும் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் என்ன செய்தாலும் அது நீ எழுதினதாகவே ஆகிறது. மூச்சு முட்டுகிறது தம்பி.

போன செவ்வாய் நிச்சயமான ஜோடி ஒன்று வீடு பார்க்க வந்தது. மாப்பிள்ளைக்குச் சமையலறை பிடித்துவிட்டது. பெண்ணின் அம்மா நான்காம் மாடித் திருப்பத்திலேயே நின்றுகொண்டு, "மொதல்ல கேளுடி, கதவத் தெறந்தது மனுஷியா, அதுவா?" என்றாள். "அதுதாம்மா பேசறேன், டீ போடட்டுமா?" என்றேன். அவள் இறங்கின வேகத்தைப் பார்த்து என் முழங்காலுக்கே பொறாமை.

சிரித்தேன். அப்புறம் அழுதேன். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் வெறும் கூடையை இறக்கினது யார் என்று உனக்கும் எனக்கும் தெரியும். நீ பை சுமந்து ஐந்து மாடி ஏறக்கூடாதென்று அம்மா இறக்கினாள். "கூடையில போட்டுட்டுக் கைய வீசிட்டு வரட்டும் புள்ள" என்பாள். அவளை ஆள்பிடிக்கிற பேயாக எழுதிவிட்டாய். அவள் மய்யித்தை அடக்கம் செய்ய வந்த பிறகு இந்தப் படியை நீ மிதிக்கவும் இல்லை. செத்தவளாவது பொறுத்துக்கொள்வாள். நான் உயிரோடு இருக்கிறேன். என்னை அந்தச் சன்னலிலிருந்து இறக்கிவிடு.

அவாதிஃப்


ஷுப்ரா
நவம்பர் 20

அக்காவுக்கு,

மன்னித்துவிடு. ஒவ்வொரு வெள்ளியும் ஏதோ ஒரு வேலை குறுக்கே வந்துவிட்டது. அடுத்த பதிப்பு அச்சுக்குப் போய்விட்டதாம், இனி ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்கிறார்கள். அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். கதை வேறு, வீடு வேறு அக்கா. நீ படித்தவள், உனக்குப் புரியும்.

ஓர் உதவி வேண்டும். ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்கு இரண்டாம் தொகுப்பு வருகிறது. 'கூடை'யின் தொடர்ச்சியைக் கேட்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கூடையில் போடுகிற சீட்டுகளை நீ வைத்திருந்தால் அனுப்பேன். லமீஸ் மேடத்துக்கே நேராக அனுப்பினாலும் சரி. முகவரி பின்பக்கம் இருக்கிறது. கோபப்படாதே. நம் வீட்டுக் கதை, பேரும் நமக்குத்தானே.

ரஃபத்


முஹர்ரம் பெக்
டிசம்பர் 1

தம்பிக்கு,

கோபம் எல்லாம் இல்லை. சீட்டுகள் நூற்று நாற்பது தேறின. எல்லாம் பயந்த பிள்ளைகள். ஒரு பெண், "என் அத்தை மகனை மட்டும் மேலே இழுத்துக்கோ, மத்தவங்களை விட்டுடு" என்று எழுதியிருக்கிறாள்.

எல்லாவற்றையும் லமீஸ் மேடத்துக்கு அனுப்பிவிட்டேன். கூடவே நான் எழுதின சில தாள்களையும் வைத்தேன். நீ சொன்னது சரி, நம் வீட்டுக் கதை.

உன் கல்யாணத்துக்கு வந்தபோது வாசல் கதவில் ஒரு பித்தளை மீன் பார்த்தேனே, தட்டுவதற்கு. அது இன்னும் இருக்கிறதா? அவ்வளவு அழகு.

அக்கா


ஷுப்ரா
பிப்ரவரி 10

அக்கா,

இது நியாயமா?

என்னால் தொடர்ச்சியை முடிக்கவே முடியவில்லை. லமீஸ் மேடம், "பரவால்ல உஸ்தாத், வேற ஏற்பாடு ஆயிடுச்சு" என்று சிரித்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கண்காட்சியில் புத்தகத்தைப் புரட்டினால் முதல் கதை, 'கூடை இடம் மாறியது'. எழுதியவர், ஐந்தாம் மாடி அவாதிஃப். செத்தவள் பச்சைச் சன்னலைச் சாத்திவிட்டு, ரயிலேறி, தன்னைப் பார்க்க வராத மகன் வீட்டுக்கே வந்துவிடுகிறாள். ஷுப்ரா, மன்ஸீ தெரு, முப்பத்தொன்றாம் எண், இரண்டாம் மாடி, பித்தளை மீன் வைத்த கதவு.

பத்து நாளாக அந்த மீனைத் தட்டாத கை இல்லை. கதவுப் பிடியில் கூடைகளை மாட்டிவிட்டுப் போகிறார்கள். இன்று காலையில் ஒன்பது கூடை, அத்தனையும் காலி. ராந்தா தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "பேயோடகூட இருந்துடுவேன், உங்க வாசகருங்களோட முடியாது" என்றாள். திரையை இழுத்து மூடிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறேன். கீழே இறங்கவே பயமாக இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவின் கடைசி வருஷம் நான் வராமல் இல்லை. நாலு வெள்ளிக்கிழமை வந்தேன், தெருமுனைக் கரும்புச்சாறு கடை வரைக்கும். கூடை இறங்குவதையும் காத்திருப்பதையும் வெறுமனே ஏறுவதையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மேலே வந்தால் அவள் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்று பார்க்க வேண்டுமே. எனக்குத் தைரியம் வரவில்லை அக்கா. அந்தப் பயத்தைத்தான் எழுதினேன்.

லமீஸ் மேடத்துக்கு ஒரு வார்த்தை எழுது. அடுத்த பதிப்பில் முகவரியை மாற்றச் சொல். ஒரு வரிதானே.

ரஃபத்


தமன்ஹூர்
மார்ச் 6

அன்புத் தம்பி ரஃபத்துக்கு,

முதலில் நல்ல செய்தி. நெர்மீனுக்குப் பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம். நம் அம்மாவின் மூக்கு அப்படியே இருக்கிறது.

வீடு விற்றாயிற்று. அதே ஜோடிக்குத்தான். பெண்ணின் அம்மா இந்தத் தடவை ஐந்து மாடியும் ஏறி வந்து, கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். "போயிடுச்சுல்ல? கெய்ரோவுக்கே போயிடுச்சுல்ல?" என்றாள். "புத்தகத்துலயே போட்டுட்டாங்களேம்மா" என்றேன். சாமான் தூக்க வந்தவர்கள் பீரோவை இறக்கினார்கள், பிரிட்ஜை இறக்கினார்கள், கடைசியில் என்னைச் சாப்பாட்டு நாற்காலியில் உட்கார வைத்து இறக்கினார்கள். கீழே வந்ததும் எழுந்து தெருவில் நின்றேன். செருப்புக்கு அடியில் மண் நெறுநெறுத்தது. ஷஹாத்தா என் முகத்தைப் பார்க்காமல் ஒரு பை நிறைய ரொட்டியை நீட்டினார். ரொட்டியைக் கட்டிக்கொண்டு அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன்.

வண்டியைக் கரும்புச்சாறு கடையில் நிறுத்தச் சொன்னேன். நீ நின்ற இடத்திலிருந்து நம் சன்னலை ஏறிட்டுப் பார்த்தேன். நன்றாகத் தெரிகிறது. சன்னலிலிருந்து பார்த்தாலும் கடை நன்றாகவே தெரியும் ரஃபத். அம்மாவுக்குத் தூரப்பார்வை கடைசிவரை கெடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, "வந்திருக்கான். ஜூஸ் குடிக்கறான். குடிச்சுட்டு வருவான்" என்றாள். புத்தி தடுமாறுகிறது என்று நினைத்து, நான்தான் கூடையை மேலே இழுத்தேன்.

முகவரியை மாற்றும்படி லமீஸ் மேடத்துக்கு எழுதினேன். அச்சுக்குப் போய்விட்டதாம். ஜனங்கள் இரண்டு மாதத்தில் மறந்துவிடுவார்கள், கவலைப்படாதே.

கூடையை நான் கொண்டுவரவில்லை. இங்கே கதவைத் திறந்தால் தெரு, ஏறுவதற்கு ஒரு படிகூடக் கிடையாது. நெர்மீன் வீட்டைக் கேட்டால் யாரும் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடிந்ததும் கதவைத் திறந்து வைக்கிறேன்.

இந்தத் தெருமுனையிலும் ஒரு கரும்புச்சாறு கடை இருக்கிறது. அங்கே நிற்காதே.

உன் அக்கா
அவாதிஃப்