மண்ணெண்ணெய் டின்னில் ஊற்றிவைத்த கூலண்ட்

அக்கா,

இன்று காலை பட்டறைக் கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. சில நாளாக இரும்பு கடையும் லேத் ஓடவில்லை. கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலண்ட் தொட்டியில் தேங்கிக் கெட்டுப்போயிருந்தது. தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினேன். பால்போல வெளுத்து வந்தது. அதைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் பேச வேண்டும்போல இருந்தது.

கல்யாணத்துக்கு முன் கோயம்புத்தூர்க் கம்பெனியில் லேத் ஓட்டியவள் நீ. அல்லிநகரத்து வீட்டின் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழைய லேத் ஒன்றை இறக்கினாய். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்புகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுத்தாய். கம்பத்திலிருந்துகூட ஆள் தேடி வந்தார்கள். நான் பகலில் துணைக்கு வருவேன். ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த மாமாவுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. முன்பே குடித்துவிட்டு உன்னை அடிப்பார். லேத் வந்தபின் அடி கூடியது.

அலுமினியம் கடைய மண்ணெண்ணெய்தான் ஊற்றுவோம். வெட்டு வழுவழுப்பாக வரும், மிஷினும் துருப்பிடிக்காது. ஆனால் அந்தக் கோடையில் தகரத்துக்கடியில் ஆவி நெஞ்சை அடைத்தது. உன் முன்கை முழுக்கக் கொப்புளம். அதற்குப் பதில் எதை வாங்குவது என்று தேனிக் கடையில் நின்று நாம் சண்டை போட்டோமே!

“தண்ணி கலக்குற எண்ணெய் வேணாம்க்கா, மிஷினு துருப்பிடிச்சுப் போகும்.”

“மிஷின வேல முடிஞ்சதும் தொடச்சுக்கலாம்டி. வெந்துபோன தோல எதக் கொண்டு தொடைக்க?”

நீ சொன்ன எண்ணெயைத்தான் வாங்கினோம். மண்ணெண்ணெய் இருந்த அதே டின்னைக் கழுவி, கலந்த கூலண்டை ஊற்றிவைத்தாய். எத்தனை கழுவியும் டின்னில் பழைய வாடை போகவில்லை.

வீரபாண்டித் திருவிழா வந்தது. தெருவே கோயிலுக்குப் போயிருந்தது. ஒரு பம்பு வேலை அவசரம் என்று நீ நின்றுவிட்டாய். உச்சிவெயிலில் மாமா உள்ளே வந்தார்.

“மிஷின வெல பேச ஆளக் கூட்டியாந்தா வெரட்டி விடுறியாடி?”

நீ திரும்புவதற்குள் கொண்டையைப் பிடித்து உன் தலையை லேத்தின் மேல் மோதினார். புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. நான் குறுக்கே பாய்ந்தேன். வயிற்றில் விழுந்த உதையில் உலோகச் சுருள் குவியல்மேல் போய் விழுந்தேன். உள்ளங்கை கிழிந்தது. மூச்சு வரவில்லை. அவர் டின்னைத் தூக்கி உன் தலைவழியே கவிழ்த்தார். சேலைமேல் போட்டிருந்த சட்டை தெப்பலாக நனைந்தது. வெள்ளையாக வழிந்ததை அவர் கவனிக்கவே இல்லை. தீக்குச்சியை உரசினார்.

குச்சி உன் தோளில் விழுந்து, சுர்ரென்று அணைந்தது.

இன்னொன்று உரசிப் போட்டார். அதுவும் அணைந்தது. ஈரப்பெட்டியோ என்று சந்தேகப்பட்டவர்போலத் தீப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். அதற்குள் நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் கிடந்த இரும்புத் தண்டை எடுத்துவிட்டாய். முதல் அடி அவர் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்தது முழங்காலில். அவர் சுருண்டு விழுந்த பிறகும் நீ நிறுத்தவில்லை.

“எரிய மாட்டேங்குதா? எரிய மாட்டேங்குதாய்யா?”

பின்னாலிருந்து உன்னை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். “போதும்க்கா, செத்துருவாக!”

தண்டைக் கீழே போட்டாய். சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாய்.

நீ போலீசில் புகார் கொடுத்ததும் அவர் வீட்டுப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நம் அம்மாவும் அவர்கள் பக்கம் பேசினாள். “குடிவெறில செஞ்சுபுட்டாக ஆத்தா. ஒனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே, எழுதிக் குடுத்துட்டு வாபஸ் வாங்கிரு.”

தையல் போட்ட புருவத்தோடு நீ அம்மாவைப் பார்த்தாய்.

“டின்னுல தண்ணி இருந்துச்சு, அதனால பொழச்சேன். அவுக மண்ணெண்ணெய்னு நெனச்சுத்தானம்மா ஊத்துனாக?”

கோர்ட்டிலும் அதையேதான் சொன்னாய். நானும் கூண்டேறிப் பார்த்ததைச் சொன்னேன். அவர் சிறைக்குப் போனார். நீ லேத் ஓட்டினாய், எனக்கும் கற்றுக்கொடுத்தாய். போன ஐப்பசியில் மூளையில் ரத்தம் கசிந்து, மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பாமலே போய்விட்டாய்.

உனக்குத் தெரியாத ஒன்று நடந்தது. போன வாரம் அவர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வாசலுக்கு வெளியே நின்று கை கூப்பினார்.

“ஒங்க அக்கா மன்னிச்சுட்டான்னு ஒரு வார்த்த சொல்லு தாயி. அது போதும் எனக்கு.”

“அவ அப்படிச் சொல்லவே இல்ல” என்றேன். “அவளுக்குப் பதிலா நான் சொல்ல மாட்டேன். போங்க.”

அவர் அழுதார். நான் கதவைச் சாத்தினேன். அன்று முழுக்க என் உடம்பு கொதித்தது. ஒரு வேலையும் அளவுக்கு வரவில்லை. அவருக்கு வயதாகிவிட்டது, விட்டுவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். உன் குரல்கூட எனக்குக் கொஞ்சம் மங்கிவருகிறது அக்கா. அந்த ஆத்திரம் மட்டும் குறையவில்லை. குறையட்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.