அவர் இறைத்த தண்ணீர்

ஏப்ரல் 3, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில். மேற்குக் காற்று. தொட்டி மேல் ஆலைக் கரி படலம் படலமாக. வலைக்கோலால் நாலு தடவை அள்ளினேன்.

இந்த நோட்டு என் வீட்டுக்காரருடையது. முன்பக்கம் எல்லாம் அவர் கை. நீச்சல் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றின தேதி, போட்ட மருந்து, பங்களாவில் வந்து தங்கினவர்கள் பேர். கடைசியாக எழுதினது, ‘மார்ச் 6. நிரம்பியது.’ எழுதி வைத்துவிட்டு வந்து, “நெறஞ்சிடுச்சிமே. கொஞ்சம் சாஞ்சிக்கினு வரேன்” என்றார். எழுந்திருக்கவில்லை.

பங்களா முதலாளி வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடை பாய். ஈஸ்டர் வரைக்கும் நீயே பார்த்துக்கொள், தொட்டி வேலைக்கு ஆம்பளை ஆள் வேணுமா வேணாமா என்று அதுக்கப்புறம் சொல்கிறேன் என்றிருக்கிறார். ஆள் வந்தால் அந்த ஆளுக்குத்தான் நான் இருக்கும் இந்தப் பின்கட்டு அறை. நடக்கிறதை நோட்டில் எழுதச் சொன்னார். மூணாங் கிளாஸ் கை. எழுதுகிறேன்.

இன்று:
ப்ளீச்சிங் பவுடர் 1 டப்பா
ம.து. 2 சுற்று
மெத்தை வெயிலில் போட்டது 4
பின்னறை ஜன்னலுக்குக் கொக்கி இல்லை
குளியலறையில் பூரான். அடித்தாயிற்று

ம.து. அவர் எழுதுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன். மயில்துத்தம். பாசி வராமல் இருக்க. துணியில் மூட்டை கட்டித் தண்ணீரில் விட்டு, கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு தொட்டியைச் சுற்ற வேண்டும். அவர் சுற்றும்போது ஆட்டுக்குட்டியை மேய்க்கக் கூட்டிப்போகிற மாதிரி இருக்கும். நான் சுற்றினால் மூட்டை பின்னால் வராமல் அடம் பிடிக்கிறது.

தட்டுப் போட்டுப் பார்த்தேன். பூப்போட்ட பீங்கான் தட்டு. ஆழமான பக்கம் போட்டுவிட்டு மேலே இருந்து பூவின் இதழை எண்ணுவது. அஞ்சும் தெரிந்தால் ஆட்களை இறக்கலாம். அவர் ஒரு கரை, நான் எதிர்க்கரை. “எண்ணுமே” என்பார். ரெண்டு பேர் கணக்கும் ஒத்து வர வேண்டும்.

இன்று நான் மட்டும். மூணு.

ஏப்ரல் 5, வியாழன்

ராயபுரம் மாதா கோயிலில் அவருக்கு முப்பதாம் நாள் பூசை. சாமியார் அவர் பேரைச் சரியாகச் சொன்னார். வெள்ளைச் சேலையில் பஸ்ஸில் போனால் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். கொடுக்காமல் இருந்தால் நல்லது.

பூசை முடிந்து அண்ணன் வீட்டில் காப்பி. அண்ணன், அந்த உப்புக் காத்துல தனியா இன்னா பண்ணப்போறே, இங்க வந்துடு என்றார். மனசாரத்தான் சொன்னார். அண்ணி டம்ளரில் சர்க்கரையைக் கலக்கினாள். கரைந்த பிறகும் கலக்கிக்கொண்டே இருந்தாள். ஒரே அறை, பிள்ளைகள் அஞ்சு. அவளையும் சொல்லக் கூடாது.

வரும் வழியில் திருவொற்றியூரில் இறங்கி மயில்துத்தம், படிகாரம் வாங்கினேன். கடைக்காரர் எத்தனை ஏக்கர் பயிர் என்று கேட்டார்.

சாயங்காலம் ம.து. 2 சுற்று.

ஏப்ரல் 7, சனி

புழுக்கம். யாரும் வரவில்லை.

துணி துவைக்க, பெருக்க காத்திவாக்கத்திலிருந்து வரும் மரகதம் இன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டாள். “யக்கா, இது இன்னா கோயில் தீர்த்தமா? வால்வைத் தொறந்து வுடாம காவல் காத்துக்கினுகீறே. இன்னும் ரெண்டு நாள் போனா தவளை குஞ்சு பொரிக்கும். பாய் வந்தா பேரு வச்சிட்டுப் போவாரு.”

சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய தண்ணீர். முப்பத்திரண்டு நாள் ஆகிறது. நோட்டில் அவர் தேதிகளைப் பார்த்தேன். ஒரு தடவைகூட பதினாறு ஆகவிட்டதில்லை.

தெரியாமல் இல்லை. போன வாரம் வால்வு வரைக்கும் ரெண்டு தடவை போனேன். சக்கரத்தில் கை வைத்தேன். வந்துவிட்டேன்.

ரெண்டரை நாள் மோட்டார் பக்கத்திலேயே உட்கார்ந்து நிரப்பினார். கரண்டு போனால் காத்திருப்பார். கிணறு வற்றினால் ஊற விடுவார். நான்தான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். நெத்திலிக் குழம்பு. உப்பு அதிகம் என்றார். தட்டை வழித்தார். வால்வைத் திறந்தால் ஒரு பகலில் எல்லாம் போய்விடும்.

திறக்காமலே சுத்தமாக வைத்துக்காட்டுகிறேன். முடியும்.

ஏப்ரல் 10, செவ்வாய்

படிகாரம் நன்றாக வேலை செய்கிறது. அடியில் படிந்த சகதியைத் துடைப்பம் கட்டின மூங்கிலால் ஓரமாகத் தள்ளி வாளியில் எடுத்தேன். ப. பவுடர் ஒன்றரை. ம.து. 2 சுற்று, தினமும் போல.

தட்டு: நாலு.

சந்தோஷமாக இருந்தது. ராத்திரிக்கு அப்பளம் பொரித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 12, வியாழன்

அஞ்சு. சூரியன் எதிரே இருந்தும் அஞ்சு. தண்ணீர் மயில் கழுத்து நிறத்தில். மரகதம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

நாளைக்கு ஆட்கள். புருசன் பெண்சாதி, ரெண்டே பேர். மூணு ராத்திரி. வேண்டியது: புது சோப்பு, கொசுவத்தி, மண்ணெண்ணெய், நல்ல தலையணை உறை ரெண்டு. பெரிய அறைக் கட்டில் ஆடுகிறது. அட்டை மடித்து வைத்தேன்.

ஏப்ரல் 13, வெள்ளி

வந்துவிட்டார்கள். ஐயா துறைமுகத்தில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தலை பஞ்சு மாதிரி வெள்ளை. முட்டி வலி. படியில் பக்கவாட்டில்தான் ஏறுகிறார். தண்ணீரில் இறங்கினதும் வேற ஆள். ஆமை மாதிரி மெதுவாக, நிற்காமல், போய்க்கொண்டே வந்துகொண்டே. அம்மா கரையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு அவரைக்காய் நறுக்கினார்.

தென்னை மறைவில் நின்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் இருந்தால் எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டிருப்பார்.

ஏப்ரல் 14, சனி

வருஷப் பிறப்பு. அம்மாவே சமைத்தார். வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடி எனக்கும் ஒரு கிண்ணம். நான் வேதக்காரி என்று சொன்னேன். மாங்காய்க்கு எல்லாரும் ஒன்றுதான், சாப்பிடு என்றார்.

ஐயா காலையும் மாலையும் நீச்சல்.

ம.து. 2 சுற்று.

ஏப்ரல் 15, ஞாயிறு

குருத்து ஞாயிறு. காலைப் பூசைக்குப் போய்க் குருத்தோலையோடு வந்து கேட்டைத் திறக்கும்போதே அம்மா குரல்.

“ஏம்மா, இங்க வாயேன். எங்க வீட்டுக்காரர் தலையைக் கொஞ்சம் பாரு. வரும்போது மனுஷனாத்தான் கூட்டிட்டு வந்தேன். இன்னைக்குக் கிளியா உட்கார்ந்திருக்கார்.”

ஐயா நாற்காலியில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. வெள்ளைத் தலை பச்சை. இளங்கிளிப் பச்சை. காதோரம் இன்னும் அழுத்தம். கண்ணாடியை எதிரே பிடித்துக்கொண்டு இருந்தார்.

அப்போதுதான் உறைத்தது. துத்தம். என் வீட்டுக்காரர் ரெண்டு சுற்றுப் போடுவது புதுத் தண்ணீருக்கு. ஒரே தடவை. அப்புறம் அந்தத் தண்ணீர் போகும்வரை மூட்டையைத் தொட மாட்டார். நான் அதே தண்ணீரில் தினம் ரெண்டு சுற்று, ஒரு மாசமாக. போட்டது எல்லாம் அங்கேயே இருக்கிறது. செம்புக் களிம்பைத்தான் அந்த மனுஷர் தலையில் ஏற்றியிருக்கிறேன்.

செம்புக் களிம்பு என்று நினைத்ததும் புளி ஞாபகம் வந்தது. தவலைக்கு ஏறினால் புளி போட்டுத்தானே தேய்க்கிறோம். ஓடிப்போய் ஒரு உருண்டை கரைத்து வந்தேன். நான் ஊற்ற, அம்மா தேய்த்தார். குடம் விளக்குகிற மாதிரியே தேய்த்தார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் இப்போதுதான் உங்கள் தலைக்குள் ஏதோ இறங்குகிறது என்றார். மூணு தடவை அலசினதும் பச்சை விட்டது. காதோரம் மட்டும் கொஞ்சம்.

பிறகு ஐயா கேட்டார், தண்ணீர் எப்போது மாற்றினது என்று.

பொய் சொல்ல வரவில்லை.

“மாத்தலீங்கய்யா. அது அவரு இறைச்ச தண்ணி. அவரு போனப்புறம் தொறக்க மனசு வரல.”

அம்மா கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்தார். ஐயா தொட்டிப் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நின்றேன். பாய்க்குச் சொல்வார், ஆம்பளை ஆள் வரும், அண்ணி இன்னும் ஒரு டம்ளர் சர்க்கரை கலக்குவாள். எல்லாம் நினைத்துக்கொண்டே நின்றேன்.

“மூணு நாளா எனக்கு முட்டி வலிக்கலம்மா” என்றார். “யாராவது வந்து குளிக்கணும்னுதானே உன் வீட்டுக்காரர் நிரப்பினார்? நான் குளிச்சிட்டேன்.”

ஈரத் தலையோடு எழுந்து உள்ளே போனார்.

குருத்தோலையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. சாயங்காலம் பார்த்தால் புளிப் பாத்திரத்துக்குள் கிடக்கிறது.

ம.து. இல்லை.

ஏப்ரல் 16, திங்கள்

பத்து மணிக்குக் கிளம்பினார்கள். அம்மா மீதி மாங்காயும் வெல்லமும் கொடுத்துவிட்டுப் போனார். ஐயா தொப்பி போட்டுக்கொண்டு போனார்.

கார் திரும்பினதும் நேரே வால்வுக்குப் போனேன். நின்றால் போக மாட்டேன். சக்கரம் அசையவில்லை. அவர் கல்லால் மூணு தட்டுத் தட்டுவார், ஞாபகம் வந்தது. மூணு தட்டு. திரும்பியது.

கால்வாயில் சத்தம். சவுக்கு மரம் தாண்டிக் கழிமுகம் வரைக்கும் பின்னாலேயே போனேன். மரகதம் துணி பிழிந்துகொண்டிருந்தவள் கூடவே வந்தாள். “எங்க ஊரு எறால் எல்லாம் பச்சையா வரப்போவுதுக்கா” என்றாள். அப்புறம் என் முந்தானை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நடந்தாள்.

பாதி இறங்கும்போது கரண்டு போனது. தண்ணீருக்கு என்ன, அது பாட்டுக்குப் போனது.

ஏப்ரல் 17, செவ்வாய்

நேற்று நாலு மணிக்கு இடுப்பளவு. பிறகு முழங்கால். துடைப்பத்தோடு இறங்கினேன். இத்தனை வருஷத்தில் தண்ணீர் இருக்கும்போது நான் இறங்கினது இல்லை. அவர் கூப்பிடுவார். வந்து காலையாவது நனைச்சிக்கமே, பாய் இன்னா சொல்லப்போறாரு என்பார். வேலைக்காரங்க இறங்கக் கூடாது என்று நான்தான் சட்டம் பேசுவேன்.

துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றேன். முழங்கால். கெண்டைக்கால். வெதுவெது என்று இருந்தது. கணுக்கால். அப்புறம் பாதத்தைச் சுற்றி மட்டும்.

அப்புறம் தேய்த்தேன்.

இன்றும் பகல் முழுக்கத் தேய்த்தேன். சுண்ணாம்பும் மணலும். சுவர் பூராவும் அவர் நிரப்பின அளவுக்கு ஒரு பச்சைக் கோடு. அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதுவும் போயிற்று. முதுகு வலி. கை விரலிடுக்கில் எரிச்சல், தேங்காயெண்ணெய் போட்டேன்.

ஏப்ரல் 18, புதன்

காலை 7 மணி, மோட்டார் போட்டேன். மூணு தடவை நின்றது. மூணு தடவையும் போட்டேன். சோற்றை இங்கேயே கொண்டுவந்து சாப்பிட்டேன். உப்பு போட மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 19, வியாழன்

பெரிய வியாழன். தண்ணீர் மார்பளவு. சொல்லாமல் பாய் வந்துவிட்டார். நான் வாயைத் திறக்குமுன்னே, “இன்னாம்மா, வந்தவரைக் கிளியாக்கி அனுப்பிச்சியாமே” என்றார். ஐயாவும் அம்மாவும் போகும் வழியில் அவர் கடையில் இறங்கித் துண்டு வாங்கினார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். அடுத்த மாசம் ஒரு வாரம் வேணும் என்று கேட்டு வைத்திருக்கிறார்களாம்.

நானும் எல்லாம் சொன்னேன், ஒன்றும் விடாமல். மோட்டாரைப் பார்த்தார், கழுவின சுவரைத் தடவிப் பார்த்தார்.

“துத்தம் எத்தினி சுத்து?”

“புதுத் தண்ணிக்கு ரெண்டு. அவ்ளோதான் பாய்.”

இன்னொரு சாவிக் கொத்து அவரிடம் இருந்தது. புது ஆளுக்கென்று வைத்திருந்தது. அதையும் என் அறை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

ஜன்னல் கொக்கி சொல்ல மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 20, வெள்ளி

பெரிய வெள்ளி. கஞ்சி. பகல் 12 மணி. நிரம்பியது.

ம.து. 2 சுற்று. மூட்டையைத் தூக்கிக் கொட்டகையில் மேல் ஆணியில் கட்டிவிட்டேன், கை எட்டாத உயரத்தில்.

ஏப்ரல் 21, சனி

கடல் காற்று, வானம் சுத்தம். ஈஸ்டருக்கு ஆட்கள் நாலு மணிக்கு. மெத்தை 6. கோழி சொல்லியாயிற்று.

தட்டுப் போட்டேன். மரகதத்தைக் கூப்பிட்டு அவர் நிற்கிற கரையில் நிற்கச் சொன்னேன். எதுக்குக்கா என்றாள். எண்ணுமே என்றேன். குனிந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அஞ்சுக்கா.”

எனக்கும் அஞ்சு.

தட்டை இன்னும் எடுக்கவில்லை.