தர்மபுரத்து அம்மாவுக்கு வந்த பதில்

இன்று பிரிண்டருக்கு ரிபன் மாற்றினேன். விரலெல்லாம் மை. சவர்க்காரம் போட்டும் மணம் போகவில்லை. நீ இருந்தவரை அந்த வேலையை என்னிடம் விட்டதில்லை. "நீ தொட்டால் மேசையும் கறுத்துப்போகுமடி" என்பாய்.

வவுனியாவில் இந்தத் தொலைபேசிக் கடையின் பின்னறையில்தான் அந்த நிரலை எழுதினாய். கணினியில் தட்டச்சு செய்தால் வெளிநாட்டில் இருப்பவரின் கைத்தொலைபேசியில் அது செய்தியாக விழும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். நூற்றறுபது எழுத்துக்கு மேல் போகாது. நம் இருவரிடமும் கைத்தொலைபேசி இல்லை. ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்ததுகூட இல்லை.

"இதுக்குள்ளை சுகம் விசாரிக்கலாம். மாமியைப் பற்றிக் குறை சொல்ல இடம் காணாது" என்று வருகிறவர்களுக்குச் சொல்வாய். அவர்களும் சிரிப்பார்கள்.

தர்மபுரத்து அம்மா சிரிக்கவில்லை. போர் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து, பயண அனுமதிப் பாஸ் எடுத்து, சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்திருந்தா. மூன்று நாள் பாஸ். லண்டனில் மகன். மூன்று வருடமாகக் குரல் கேட்கவில்லை. யாரோ கொண்டுவந்து கொடுத்த இலக்கம் ஒன்று, கொப்பித்தாள் துண்டில். அம்மா வவுனியாவில் நிற்கிறா, உடனே கடைக்கு ஃபோன் எடு என்று நீ தட்டச்சு செய்தாய். அதற்குள் தொலைபேசி இணைப்பு செத்துவிட்டது.

அடுத்த நாளும் அவா கதிரையில் இருந்தா. தேநீர் கொடுத்தோம், ஆறிப்போனது.

"இன்னும் போகேல்லை அம்மா. லைன் வந்த உடனை தானாப் போகும். நாளைக்கும் இருங்கோ" என்றாய்.

"வீட்டிலை குமரான மகள் தனிய, பிள்ளை" என்றா அவா.

நீ சாப்பிடப் போனாய். அவா என்னைப் பார்த்தா. "உண்மையைச் சொல்லு. அவன் உயிரோடை இருக்கிறானோ?"

அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான். அதை இரக்கம் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கணினியின் முன் அமர்ந்து மகன் அனுப்பியது போல நானே ஒரு பதிலை எழுதி அச்சிட்டேன். நான் சுகம். வேலையில் நிற்கிறேன். நீங்கள் வீட்டுக்குப் போங்கோ.

லைன் வந்திட்டுது, பதிலும் வந்திட்டுது என்று சொல்லி வாசித்துக் காட்டினேன். தாளை வாங்கித் தடவினா.

"சாப்பிட்டானாமோ?"

"ஓம் அம்மா."

மத்தியான பஸ்ஸில் போய்விட்டா. ஒரு நாள் மிச்சம் இருந்தது.

"எங்கையடி அந்த அம்மா?" என்று வந்து கேட்டாய். சொன்னேன். நீ கத்தவில்லை. கதிரையை எடுத்து மூலையில் வைத்தாய்.

பின்னேரம் இணைப்பு வந்தது. செய்தி போனது. மறுநாள் காலை கடை திறந்ததும் மகன் லண்டனிலிருந்து ஃபோன் எடுத்தான்.

"அம்மா நிக்கிறாவோ?"

நீதான் பேசினாய். பாஸ் முடிந்து போய்விட்டா என்றாய். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவன் சொல்லச்சொல்லப் பென்சிலால் எழுதினாய்.

அகதி வழக்குத் தோத்திட்டன். இந்த ஃபோனை நாளையோடை விடுறன். இடமும் மாறுறன். கொஞ்சக் காலம் என்னைத் தேடவேண்டாம். அம்மாவின்ரை குரலை ஒருக்காக் கேட்டிட்டுப் போகத்தான் எடுத்தனான்.

அந்தத் தாளை என்னிடம் தந்தாய். "இதை நான் குடுக்கமாட்டன். நீதான் குடுக்கவேணும். முதல் தந்த தாள் நீ எழுதினது எண்டும் அவாவிட்டைச் சொல்லவேணும்."

தர்மபுரம் பக்கம் போகிறவர்கள் எத்தனையோ பேர் கடைக்கு வந்தார்கள். ஒவ்வொருவர் வெளிக்கிடும்போதும் நீ என்னைப் பார்ப்பாய். நான் பிரிண்டரைப் பார்ப்பேன். பிறகு நீ பார்ப்பதையும் நிறுத்திவிட்டாய். பகிடி விடுவதையும். அந்த மாரியில் மலேரியா. ஆறு நாள். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். கடைசியாக என்னிடம் நீ பேசியது கடைச் சாவி எங்கே என்பதைப் பற்றி.

உன்மேல் எனக்குக் கோபமும் உண்டு. அதையும் எழுதத்தான் வேண்டும். அந்தத் தாளை நீயே யாரிடமாவது கொடுத்திருக்கலாம். நான் திருந்துவதற்காக அவாவைக் காக்க வைத்தாய். இதை எழுதும்போதே தெரிகிறது, இதுவும் பழியை உன்மேல் தள்ளும் வேலைதான்.

போன கிழமை தர்மபுரத்திலிருந்து ஒருத்தி வந்தாள். அவாவின் அயல்வீடு. நான் அச்சிட்ட தாளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டு திரும்பத் திரும்ப வாசிப்பிக்கிறாவாம். "என்ரை பிள்ளைக்கு வேலை கிடைச்சிட்டுது" என்று ஊரெல்லாம் சொல்கிறாவாம். மகனுக்கு ஒரு செய்தியும் சொல்லி அனுப்பியிருந்தா: குளிருக்குத் தலையை மூடு, தங்கச்சிக்குச் சம்பந்தம் வந்திருக்கு, நல்ல இடம் எண்டால் நீயும் ஒரு சொல் சொல்லு.

உன் பென்சில் எழுத்து என் கைப்பையில் இருந்தது. கைப்பை மடியில் இருந்தது.

அவன் கைவிட்ட அதே பழைய இலக்கத்துக்கு அதைத் தட்டச்சு செய்தேன். உன் நிரல் எதையும் கேட்காமல் வாங்கிக்கொண்டது.

"போயிட்டுதோ?" என்றாள் அவள்.

"ஓம்" என்றேன்.