சிவப்பு மை

மார்ச் 4, புதன்

எனக்குப் பொழுது போகவில்லை, அதனால் கதை எழுதுகிறேன் என்று மருமகள் மாடி வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். தவறு. எழுபத்து மூன்று வயதில் எனக்குப் பொழுது போதவில்லை. நூலகத்தில் புதன்தோறும் நடக்கும் கதை வகுப்பில் சேர்ந்தது கதை எழுதக் கற்கத்தான். கான்வென்டில் படித்தபோது என் கட்டுரையை சிஸ்டர்கள் மற்ற வகுப்புகளுக்கும் எடுத்துப்போய்ப் படித்துக் காட்டுவார்கள். கதைக்கு அது போதாதாம். பார்க்கலாம்.

மார்ச் 11

முதல் கதையைக் கொடுத்தேன். இறந்துபோன கணவரை ஒரு மனைவி நினைத்துப் பார்க்கிறாள். பன்னிரண்டு பக்கம். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை.

மார்ச் 18

கதை திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. எனக்கு!

வகுப்பு நடத்துகிறவள் பத்திரிகையில் வேலை பார்த்தவள். என் மகன் வயதுகூட இருக்காது.

“அம்மா, இவங்க ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள மேடைப் பேச்சு பேசுறாங்க. சத்தமாப் படிச்சுப் பாருங்க.”

“நாங்க அப்படித்தான் பேசுவோம்.”

“சரி, இத்தனை வருஷத்துல அந்தம்மா ஒரு தப்புகூடவா பண்ணல?”

பின் வரிசையில் உட்காரும் பல் டாக்டர் சிரித்தார். “பண்ணியிருந்தா அவங்களே சுழிச்சிருப்பாங்க!”

போன வாரம் அவர் தாளில் பிழைகளைச் சுழித்துக் கொடுத்தேன்; அந்தக் கோபம். அவர் கதையில் மூன்று பேர் ஒரே பக்கத்தில் அழுகிறார்கள்.

மார்ச் 19

சத்தமாகப் படித்தேன், அவள் சொன்னது தப்பு என்று நிரூபிக்க. நான்காம் பக்கத்தில் மூச்சு வாங்கியது. ஆறாம் பக்கத்தில் எனக்கே கொட்டாவி.

சே.

மார்ச் 23

வகுப்பில் அவள் முதல் இரண்டு பக்கங்களை வெட்டச் சொல்லியிருந்தாள். வெட்டினேன்; வலித்தது. ‘எல்லையற்ற அன்பு’ என்று எழுதாமல், அவர் என்ன செய்தார் என்று எழுதச் சொன்னாள்.

என்ன செய்தார்? வாசலில் தன் செருப்பை என் செருப்புக்குப் பக்கத்திலேயே கழற்றி வைப்பார். என் குடையை அவர்தான் விரித்துக் காய வைப்பார். எனக்குக் கடிதம் மட்டும் எழுதமாட்டார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். அதை எழுத மாட்டேன்.

மார்ச் 24

எழுதிவிட்டேன்.

கல்யாணமான ஆறாம் மாதம் வேலையாக வெளியூர் போனவர் எனக்கு நாலு பக்கம் எழுதினார். பிழை மலிந்த கடிதம். நான் சிவப்பு மையால் சுழித்து, திருத்தி, அவருக்கே திருப்பி அனுப்பினேன். விளையாட்டாகவா? இல்லை. திருந்தட்டும் என்றுதான்.

அதன்பின் நாற்பத்தாறு வருடம் இருந்தார். ஒரு வரி எழுதவில்லை. ஊருக்குப் போனால் போன் செய்வார். போன் இல்லாத இடமென்றால் திரும்பி வந்து சொல்வார்.

சுழித்த பிழை ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. என்ன எழுதியிருந்தார் — அதுதான் நினைவில்லை.

ஏப்ரல் 1

பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன் என்று கொடுத்த கதையை மகன் படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தான்.

“உன்ன நீயே ஏம்மா சந்தியில நிறுத்துறே?”

“வேற யாரைடா நிறுத்துறது?”

“பத்திரிகைக்கு அனுப்பியே ஆகணும்னா வேற பேருல அனுப்பு.”

“பண்ணினது நான். இன்னொருத்தி எதுக்குக் கையெழுத்துப் போடணும்?”

எழுந்து போய்விட்டான். போகட்டும். அடுப்படியிலிருந்து மருமகள் குரல்: “அத்தை, அந்தக் கடைசிப் பாரா வேண்டாம். அவ வருத்தப்படுறான்னு நீங்க சொல்லாமயே தெரியுது.”

“நீ எப்போ படிச்சே?”

“பொழுது போகல, படிச்சேன்.”

கெட்டிக்காரி. கடைசிப் பாராவை அடித்தேன்.

ஏப்ரல் 8

இன்று தபாலில் சேர்த்தேன். உடன் வைத்த கடிதத்தின் நகல்:

‘ஆசிரியருக்கு. கதை இத்துடன் உள்ளது. கீழே இருப்பது என் சொந்தப் பெயர், மாற்ற வேண்டாம். வயதுக்கு இரங்கிப் பிரசுரிக்க வேண்டாம். முடிவைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். சிவப்பு மையில் என்றாலும் சரி, பதிலை எழுதி அனுப்புங்கள்.’