சுதர்மாவுக்கு நான் வைத்த பேர்

பிப்ரவரி 3, திங்கள்

மேஸ்திரி ஆனதிலிருந்து என் நடையே மாறிவிட்டதாம், வீட்டுக்காரர் சொல்கிறார். வாத்து வரப்பில் போகிற மாதிரி இருக்காம். இருக்கட்டும். எங்கள் முந்திரி ஆபீசில், அதான் பேக்டரியில், தோல் உரிக்கிற கொட்டகை ரெண்டு. சிரிப்புச் சத்தம் கேட்பது என் கொட்டகையில்தான். பக்கத்துக் கொட்டகை மேஸ்திரி சதாசிவன் அண்ணன் போடுகிற கத்தலில் பருப்பு தானாகவே தோலைக் கழற்றிவிடும். நான் யாரையும் அதட்டமாட்டேன். கேலிதான். பயமில்லாமல் வேலை வாங்க இந்தக் கொல்லத்தில் விலாசினியை, அதான் என்னை, விட்டால் யார்?

இன்று என் கொட்டகை சுதர்மாவுக்குப் பல்வலி, கன்னம் வீங்கியிருந்தது. "என்னடி அணிலே, பருப்பை எங்க ஒதுக்கி வச்சிருக்கே?"ன்னேன். கொட்டகையே குலுங்கியது. அவளும் சிரித்தாள்.

பிப்ரவரி 6

அணில் பேர் ஒட்டிக்கொண்டது. பேர் வைப்பதில் நான் கெட்டிக்காரி. நாலாம் வகுப்பு டீச்சருக்கு வைத்த பேரோடுதான் என் படிப்பு நின்றது.

பிப்ரவரி 12

சுதர்மா மாற்றல் கேட்டிருக்கிறாள் என்று மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். அதுவும் சதாசிவன் அண்ணன் கொட்டகைக்கு! பருப்பு உடையாமல் உரிக்க அவளைப் போல என்னிடம் ஆளில்லை. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் மறித்தேன்.

"மோளே, அந்தாளு வாயைத் திறந்தா தென்னையிலேர்ந்து காய் விழும். அங்கயா போறே?"

"அண்ணன் கத்துவாரு, கத்தினதும் முடிஞ்சுடும் சேச்சி. நீங்க சொல்றது என்கூட வீடு வரைக்கும் வருது."

"அணில்தானே சொன்னேன்? விளையாட்டுக்கு."

"கேட்ல சோதிக்கிற பங்கஜாட்சிக்கு அது விளையாட்டா இல்லையே. மத்தவங்களுக்குப் பையை மட்டும் பாக்கறா. என்னை வாயைத் திறக்கச் சொல்றா. தினமும். எல்லார் முன்னாடியும்."

முந்திரி ஆபீசில் ஒருத்தியை அணில் என்றால் என்ன அர்த்தம் — இது தெரியாதா எனக்கு? இத்தனை வருஷம் இங்கேதானே கிடக்கிறேன்? அன்றைக்கு அவளும் சிரித்தாளே... மேஸ்திரி சொன்னால் சிரிக்காமல் என்னடி செய்வாள், விலாசினி?

பிப்ரவரி 13

கப்பைக் கிழங்கும் மீனும் இறங்கவில்லை. வீட்டுக்காரர் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பிப்ரவரி 14

மன்னிப்புக் கேட்கப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் போனேன். எதிரே போய் நின்று, "மன்னிச்சுக்கோடி அணி—"

அவள் திரும்பி நடந்துவிட்டாள். இதெல்லாம் ஒரு நாக்கா? வண்டிமாடுகூடச் சொன்ன பக்கம் திரும்பும்.

பிப்ரவரி 17

சாயங்காலம் கேட்டில், வரிசை நிற்கும்போதே பங்கஜாட்சியிடம் போனேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "சுதர்மா ஒரு பருப்புகூடத் தொட்டதில்ல. அவளுக்குப் பல்வலி. நான்தான் வாய்க்கொழுப்புல பேர் வச்சேன். வாயைப் பாக்கணும்னா இதைப் பாரு." ஆவென்று திறந்து காட்டினேன்.

"மூடுங்க சேச்சி, வெத்தலை நாத்தம்"னு அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. எனக்குக் கடைவாய்ப் பல் ரெண்டு இல்லாதது ஊருக்கே தெரிந்துபோச்சு. சுதர்மா சிரிக்கவில்லை. ஆனால் அவள் முறை வந்தபோது பையை மட்டும்தான் பார்த்தார்கள்.

பிப்ரவரி 18

மாற்றலில் நானே கையெழுத்துப் போட்டேன். போக வேண்டாம் என்று சொல்ல எந்த முகத்தோடு?

பிப்ரவரி 21

யாருக்கும் பட்டப்பேர் இல்லை. கொட்டகை சத்தமில்லாமல் கிடக்கிறது. என்னைப் பார்த்தால்தான் எல்லாருக்கும் பாவமாக இருக்கும்போல. "சேச்சிக்கு உடம்பு சரியில்லையா?"ன்னு தோல் உரிக்கிற பிரசன்னா கேட்டாள்.

பிப்ரவரி 28

பிரசன்னா ஒரு தட்டுப் பருப்பை ஈரத்தரையில் கொட்டிவிட்டாள். முன்னே என்றால் சாக்குக்கு அடியில் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இன்று நேரே வந்து, "என் கைதான் தவறிடுச்சு சேச்சி"ன்னு நின்றாள்.

நாக்கு நுனிக்கு ஒரு பட்டப்பேர் வந்தது. நல்லதாகத்தான் வந்தது. தண்ணீர் குடித்தேன்.

"அள்ளுடி, வெயில்ல போடலாம்"னேன். முற்றத்தில் ரெண்டு பேரும் பரப்பிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கொட்டகையிலிருந்து சுதர்மா ஒரு முறத்தோடு வந்து குந்தினாள். ஈரப் பருப்பை அள்ளி முறத்தில் பரப்பினாள்.

"பருப்பு மேல நிழல் விழுது சேச்சி, தள்ளி நில்லுங்க" என்றாள் பிறகு.

தள்ளி நின்றேன்.