கறுப்புத் தாளை உரித்துவிட்டோம், மச்சான்

அன்புக்கும் சண்டைக்கும் எனக்கென்று இருந்த ஒரே மச்சான் ஏகாம்பரத்துக்கு,

புகைப்படத் தொழில்காரர்களுக்காகச் சென்னையில் நடக்கும் ஒரு மாத இதழிலிருந்து கேட்டிருக்கிறார்கள். சிற்றூரில் ஸ்டுடியோ வைக்க நினைக்கும் இளைஞர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுது என்று. யோசனை சொல்லுகிற வயதா எனக்கு? உட்கார்ந்து எழுதினால் பள்ளிக்கூடத்து உபதேசம் மாதிரி வந்தது. கிழித்துப் போட்டேன். இந்தத் தொழிலைப் பற்றி நான் மனம்விட்டுப் பேசியது உன்னிடம் மட்டும்தான். அதனால் உனக்கே எழுதுகிறேன். வேண்டியவர்கள் எட்டிப் பார்த்துப் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் செய்தி. ஆடி மாதம் காமாலை உன்னைக் கொண்டுபோனபோது செங்கற்பட்டு பஜாரே சொன்னது, இனி அந்த ஸ்டுடியோ நிற்காது என்று. நிற்கிறது. உன் சாரதா, என் தங்கச்சி, தினமும் வருகிறாள். நெகடிவில் பென்சில் வைத்து நீ முகங்களைத் திருத்துவாயே, அந்த மேஜையில் இப்போது அவள்தான். புருஷன் செத்த பெண் கடையில் உட்காருவதா என்று உன் பெரியப்பா வந்து கத்தினார். "வூட்ல குந்திகினு அழுதா நீங்க சோறு போடுவீங்களா பெரிப்பா?" என்றாள் தங்கச்சி. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான்.

ஒரு பெண் உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்ததும் பெண்கள் துணைக்கு ஆண் இல்லாமலே வரத் தொடங்கிவிட்டார்கள். ஸ்டுடியோ வைக்கப்போகிறவன் இதைக் குறித்துக்கொள்ளட்டும். பின்னால் தொங்கும் திரையை மாற்றுவதற்கு முன் ஆளை மாற்று.

இன்னொன்று. நம் பவுடர் டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டேன். கறுத்த முகம் வந்தால் முதல் வேலையாக மாவு பூசுகிறோமே, அது என்ன புத்தி? வெயிலில் நாற்று நட்டவள் பேய் மாதிரி வெளுத்துப் போய்ப் படத்தில் நிற்பாள். அவளும் காசு கொடுத்து வாங்கிப் போவாள். தன் முகம் தப்பு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நாம். கறுத்த முகத்துக்குத் தேவை பவுடர் இல்லை, இன்னும் கொஞ்சம் வெளிச்சம். ஒரு வெள்ளை வேட்டியை விரித்து முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் போதும். இதைக் கண்டுபிடிக்க நமக்கு இத்தனை காலம் ஆனது எதனால்? யாரும் முறையிடவில்லை, அதனால்தான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

மார்கழியில் ஒரு நாள் காலை, கையில் பச்சைக்குழந்தையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். பெயர் பூங்காவனம். புதுப்பட்டினத்துப் பக்கம் குப்பம். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. படியிலிருந்தே பேசினாள்.

"அண்ணாத்த, எங்க வூட்டுக்காரரு மூஞ்சி ஒங்க பொட்டிக்குள்ள கீது. அத்த எனக்குக் குடு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தப் படம்மா?"

"போன மாசிமகத்துக்கு மிராசுதாரு ஐயாவப் படம் புடிச்சீங்களே, நீயும் அந்தத் தாடிக்கார அண்ணாத்தயும். ஓரத்துல பந்தக்காலப் புடிச்சிகினு நின்னாரு. அன்னிக்கு வூட்டுக்கு வந்து, 'அடியே, படத்துல நானும் கீறேன்'னு குப்பம் பூரா சொல்லிகினு திரிஞ்சாரு."

ஐப்பசிப் புயலில் அவள் புருஷனின் கட்டுமரம் திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. குழந்தையைக் காட்டினாள். "இது பொறக்கசொல்ல அவரு இல்ல. நாளைக்கு அப்பன் எங்கன்னு கேட்டா, நான் கடலையா காட்டுவேன்?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் படம் உனக்கு நினைவிருக்கும். கடலைவிட்டுத் தள்ளியிருந்த ஊரிலிருந்து சுவாமியைக் கடலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நடுவில் மிராசுதார், சுற்றிலும் விழாக் குழுவினர். பந்தல் போட்டு, பல்லக்கு மணலில் புதையாமல் தூக்கிவந்த குப்பத்து ஆட்கள் நாலு பேர் இரண்டு ஓரத்திலும் நின்றார்கள். பிரிண்டைப் பார்த்ததும் மிராசுதார் சொன்னது ஒரே வார்த்தை: "ஓரத்துல நிக்கிறவனுங்கள எடுத்துடு." தூக்குவதற்கு வேண்டும், படத்துக்கு வேண்டாம். அவர் கொடுத்த வேலையில்தான் நம் அடுப்பு எரிந்தது. அவர் கைக்குப் போன படத்தில் அந்த நாலு பேரும் இல்லை.

வழக்கம்போல் அவர்களை அழிக்க, நெகடிவ் கண்ணாடி பிளேட்டைச் சுரண்டக் கத்தியை எடுத்தது நான். என் கையைப் பிடித்தவன் நீ.

"சுரண்டாதடா. ஒட்டு. சுரண்டினா போயிட்டான். ஒட்டினா கீறான்."

மருந்து பூசாத பக்கத்தில், நாலு பேரையும் மறைத்துக் கறுப்புத் தாளை வெட்டி ஒட்டினாய். நான் முணுமுணுத்தேன், ஒரு நிமிட வேலைக்கு இவன் அரை நாளைத் தின்கிறானே என்று.

பூங்காவனம் படியில் நிற்க, பிளேட் பெட்டியைத் திறந்தேன். விழாவின் பெயரும் ஊரும் எழுதி நீ உறையில் போட்டு நிறுத்திவைத்திருந்ததால் தேடவே வேண்டியிருக்கவில்லை. சாரதா ஈரப் பஞ்சை வைத்து வைத்து எடுத்தாள். பசை ஊறியது. நகம் படாமல் தாளை உரித்தாள். பூங்காவனம் எப்போது படியேறி உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை, சாரதாவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நாலு பேர் வெளியே வந்தார்கள், மச்சான். நெகடிவில்தான் எல்லாம் மாறிக் கிடக்குமே! மிராசுதாரின் வெள்ளை வேட்டி கரியாக இருந்தது. குப்பத்து ஆட்களின் முகம் பால் மாதிரி இருந்தது.

"இதுல எல்லாரும் பேய் மாதிரி கீறாங்களே" என்றாள் பூங்காவனம்.

"கொஞ்சம் பொறு தாயி, மனுசனாக்கிக் குடுக்கறேன்" என்றாள் சாரதா.

பெரிதாக்கி எடுத்தேன். கொஞ்சம் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. ஆனால் கண் இருந்தது. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு, மோவாயைத் தூக்கி, நேராகக் காமிராவைப் பார்த்துக்கொண்டு ஒருவன். அந்தப் படத்திலேயே காமிராவுக்குப் பயப்படாதவன் அவன் ஒருவன்தான்.

பூங்காவனம் அழவில்லை. திட்டினாள். "பாரு, சட்டையப் போடாம நின்னுகினு கீறாரு! புதுச் சட்ட எடுத்து வெச்சேன், போட்டுகினு போய்யான்னேன். கேட்டாரா?"

பென்சிலால் ஒரு சட்டை வரைந்து தரட்டுமா என்று சாரதா கேட்டாள்.

பூங்காவனம் யோசித்தாள். "வேணாம். அவரு அப்டித்தான்." அப்புறம்தான் அழுதாள்.

அவள் போனபின் முழு பிளேட்டையும் பெரிய பிரிண்டாகப் போட்டு வாசல் ஷோகேஸில் தொங்கவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாயோ?

மிராசுதார் பொங்கலுக்கு முன் வந்தார். பங்குனியில் அவர் மகளுக்குக் கல்யாணம், படம் எடுக்கச் சொல்ல வந்தவர். உள்ளே வருவதற்குள் ஷோகேஸைப் பார்த்துவிட்டார்.

"இன்னாய்யா இது? என் படத்துல இவனுங்க எப்டி வந்தானுங்க?"

"அன்னிக்கே வந்தாங்க ஐயா. நாமதான் தொரத்தினோம்."

"எறக்கு அத்த."

"உங்க வூட்ல மாட்டியிருக்கறத நான் கேக்கலியே. பிளேட்டு எங்களுது."

"கல்யாணத்துக்குப் பட்டணத்திலிருந்து ஆள் வரவழைக்கத் தெரியாதா எனக்கு?"

அதற்குள் சாரதா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். மிக மரியாதையாகத்தான் கேட்டாள். "ஐயா, நீங்க நடுவுலதானே நிக்கிறீங்க? உங்கள யாரும் எடுக்கலியே. அப்பறம் இன்னாத்துக்குக் கோவம்?"

அவர் திரும்பி நடந்தார். கல்யாண வேலை பட்டணத்து ஆளுக்குப் போனது. அவர் சொந்தக்காரர்கள் வீட்டு வேலைகளும் கூடவே போயின. தை மாதம் கஷ்டமாக இருந்தது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒரே பெரிய மனிதரை நம்பி ஸ்டுடியோ நடத்தக் கூடாது என்பதை அப்போதுதான் படித்தேன். அவர் தயவில் வாழ்ந்தால் அவர் யாரை நறுக்கச் சொன்னாலும் நறுக்க வேண்டியிருக்கும். சின்னச் சின்ன வாடிக்கையாளர் பலர் இருந்தால் ஒருவர் கோபித்துக்கொண்டாலும் கடை திறந்திருக்கும். பிரிண்ட் அவர்களுக்கு, பிளேட் நமக்கு என்பதையும் வேலையை வாங்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

அதே முழுப் படத்தை ஒரு வார இதழுக்கும் அனுப்பினேன். விழா முடிந்தபின் விழாப் படத்தை அனுப்புவது வீண். மாசிமகம் வருவதற்கு முன்பே அவர்களுக்குப் படம் தேவைப்படும், அதற்குப் போன வருஷத்துப் படம் போதும். முன்பு ஒரு தடவை படத்தின் பின்பக்கம் மையால் எழுதி, அது முகத்தின் மேல் ஊறிப்போனது நினைவிருக்கிறதா? இந்தத் தடவை பென்சிலால் எழுதினேன். இடம், விழா, இடமிருந்து வலமாக எல்லோர் பெயரும். அந்த நாலு பேரின் பெயரையும் பூங்காவனம் சொன்னாள். எடுத்தவர் பெயர் என்று உன் பெயரைப் போட்டேன். கூடவே ஒரு கார்டும் எழுதினேன், பெயர் போடாவிட்டால் படத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று. திமிர்தான். அச்சிட்டுவிட்டார்கள், மச்சான்! நாலு பேர் பெயரும் இருக்கிறது. ஓரத்தில் பொடி எழுத்தில் 'படம்: ஏகாம்பரம், செங்கற்பட்டு'. சாரதா அந்தப் பக்கத்தைப் பெட்டிக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

அந்த இதழ் குப்பத்துக்கும் போயிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறேழு பேர் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார்கள், மாசிமகத்துக்குத் தங்களுக்கென்று ஒரு படம் வேண்டும் என்று. அதில் ஒரு பெரியவர் நீ வரைந்த கடல் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணாத்த, இந்தக் கடல வரைஞ்சது யாரு? அல கரைய வுட்டு ஓடுதே!"

"செத்துப்போன என் மச்சான்."

"பாவம், நல்ல மனுசன். கடலுன்னா பயம் போல."

அந்தத் திரையை வைத்து எத்தனை கல்யாண ஜோடிகளை எடுத்தோம்! நீ இருந்திருந்தால் அவரோடு சண்டைக்குப் போயிருப்பாய். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீ போனபின் அதுதான் முதல் சிரிப்பு.

இந்த வருஷம் மாசிமகத்தன்று திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் முதல் பஸ்ஸில் காமிராவையும் ஸ்டாண்டையும் ஏற்றிக்கொண்டு போனேன். சாரதாவும் வந்தாள். சூரியன் கடலிலிருந்து ஏறி, வெயில் சாய்ந்து முகத்தில் விழும்போதே எடுத்துவிட வேண்டும். உச்சிக்கு வந்துவிட்டால் கண்ணெல்லாம் குழியாகிவிடும். கடலுக்கு முதுகு காட்டி நான் நின்றேன், என்னைப் பார்த்துக் குப்பம் முழுக்க நின்றது.

ஓரத்தில் நிற்க ஒருவரும் ஒப்பவில்லை. கதை எல்லோருக்கும் தெரியும். நடுவுக்குத் தள்ளுமுள்ளு. "அண்ணாத்த, நான் படத்துல வுயுவேனா?" "டேய் தள்ளு, உன்ன ஒட்டிடப் போறாரு!" என்று ஒரே கூச்சல். பூங்காவனம் குழந்தையோடு இடது ஓரத்தில் தானே போய் நின்றாள், அவள் புருஷன் போன வருஷம் நின்ற பக்கத்தில். புதுச் சட்டை போட்டிருந்தது குழந்தை. அவளைப் பார்த்து மற்றவர்களும் விரிந்து நின்றார்கள்.

காமிராவின் பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அவள் பாதிதான் விழுந்தாள். ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். வலது ஓரத்தில் ஒருவன் விழவில்லை. இன்னும் பின்னால் போனேன். ஈர மணல். அலை வந்து கணுக்காலை நனைத்தது. "பொட்டியக் கடலுக்குக் குடுத்துடாதே அண்ணாத்த!" என்று யாரோ கத்த, குப்பமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எடுத்தேன். ஓரத்து ஆளின் முழங்கைகூட வெளியே போகவில்லை.

ஒன்று மட்டும் உன்னைக் கேட்க வேண்டும். அன்று சுரண்டாதே என்று என் கையைப் பிடித்தாயே, அது கண்ணாடிக்காகவா, அந்த நாலு பேருக்காகவா? கேட்காமல் விட்டுவிட்டேன். எதுவாக இருந்தாலும் உன்னால் ஒரு குழந்தைக்கு அப்பன் முகம் தெரியும்.

ஆனால் உன்னைவிட ஒரு அடி நான் தள்ளிப் போகப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. சுரண்டக் கூடாது என்றாய். நான் ஒட்டவும் மாட்டேன். எந்தப் பெரிய மனிதர் சொன்னாலும் சரி. ஆள் கொள்ளவில்லை என்றால் நான் பின்னால் போவேன், கடல் இடுப்புக்கு வந்தாலும்.

உன் கடல் திரையின் அலையைத் திருப்பி வரையத் தங்கச்சிக்கு ஆசை. வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அது உன் அலை. அப்படியே ஓடட்டும்.

செத்தாலும் உறவு விடாத உன் மச்சான்,
சாரதாவுக்கு அண்ணன்,
துரைக்கண்ணு